பதிவில்லா இல்லறமும் பாதுகாப்பில்லாப் பிள்ளைகளும்

மணம் செய்து கொள்ளாமல் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அது மேனாட்டு நாகரிகத்தின் இறக்குமதி என்ற முடிவுக்கு எமது சமூகம் விரைந்து வந்து விடுகின்றது. கொழும்பிலே வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளையும், கட்டுநாயக்கவிலே தொழிற்சாலைகளைச் சூழ்ந்த வாடகை அறைகளையும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளர்ந்த எமது பிள்ளைகளையும் சுட்டிக்காட்டிப் பெருமூச்சு விடுவதோடு விவாதம் முடிந்து விடுகின்றது. ஆனால், பிரதேச செயலகங்களின் வாசலிலும் நீதவான் நீதிமன்றங்களின் வாசலிலும் காத்து நிற்கும் பெண்களின் கதை வேறு. அவர்களிற் பெரும்பாலானோர் நாகரிகத்தின் பெயரால் அவ்வாழ்வைத் தேர்ந்தவர்களல்லர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பதிவின்றிச் சேர்ந்து வாழ்வோரை மூன்று வகையினராகப் பிரித்து நோக்கலாம். தாலி கட்டியோ, கோயிலில் மாலை மாற்றியோ, உறவினர் முன்னிலையில் எளிய சடங்கொன்றைச் செய்தோ இல்லறம் தொடங்கிப் பதிவு செய்யாது விட்டவர்கள் முதல் வகையினர். முன்னைய விவாகம் சட்டப்படி முடிவுறாத நிலையில் வேறொருவரோடு குடும்பம் நடத்துபவர்கள் இரண்டாம் வகையினர். மணத்திற்குத் தடை எதுவுமின்றியே அதனைத் தவிர்த்தோ தள்ளிப்போட்டோ கூடி வாழும் இளையோர் மூன்றாம் வகையினர். ஊர்வாய் இம்மூவகையினரையும் ஒரே சொல்லால் ஏசுகின்றது. சட்டமோ இவர்களை வெவ்வேறாக நோக்குகின்றது. இந்த வேறுபாட்டை அறியாமையால் இழப்புக்கு உள்ளாவோர் பெண்களும் பிள்ளைகளுமே.

குற்றமுமில்லை, உரிமையுமில்லை

முதலிற் தெளிவுபடுத்த வேண்டிய விடயம் ஒன்றுண்டு. பராயமடைந்த ஆணும் பெண்ணும் தமது விருப்பத்தின் பேரில் மணமின்றிச் சேர்ந்து வாழ்வது இலங்கைச் சட்டத்தின்படி குற்றமன்று. பிறன்மனை சேர்தல் கூட எமது தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றமாகக் கூறப்படவில்லை. அது விவாகரத்துக்கான காரணங்களுள் ஒன்று மாத்திரமே. வயது விடயத்திலேயே சட்டம் கடுமை காட்டுகின்றது. 1995ஆம் ஆண்டின் திருத்தங்களின் பின்னர், 16 வயதுக்குக் குறைந்த பெண்ணுடனான உறவு, அவள் சம்மதித்திருந்தாலும், பாலியல் வல்லுறவாகக் கொள்ளப்படும். அதே ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தத்தினால் பொதுச் சட்டத்தின் கீழான விவாகத்திற்குரிய ஆகக் குறைந்த வயது இருபாலாருக்கும் 18 ஆக்கப்பட்டது.

முதல் விவாகம் நிலைத்திருக்கையில் இன்னொரு விவாகம் செய்வது தண்டனைக்குரிய குற்றமாகும். மதம் மாறியும் இதிலிருந்து தப்பிவிட முடியாது. பொதுச் சட்டத்தின் கீழ் மணமுடித்த ஒருவர், அந்த விவாகம் நிலைத்திருக்கையில் இஸ்லாத்தைத் தழுவி இரண்டாம் மணம் செய்தால் அம்மணம் செல்லாது என உயர் நீதிமன்றம் அபேசுந்தர வழக்கிலே தீர்ப்பளித்தது. இதனால் விசித்திரமான நிலையொன்று தோன்றுகின்றது. மனைவி இருக்கையில் வேறொருத்தியைப் பதிவு செய்து மணப்பவன் சிறை செல்ல நேரிடும். மணக்காமலே அவளோடு குடும்பம் நடத்துபவனைத் தண்டனைச் சட்டம் தீண்டுவதில்லை. அவனை நம்பி வந்தவளுக்குச் சட்டப்படியான மனைவியின் நிலை எக்காலத்திலும் கிடைப்பதுமில்லை.

ஆகவே, சேர்ந்து வாழ்வோரைச் சட்டம் தண்டிப்பதுமில்லை, தம்பதியராக ஏற்றுக்கொள்வதுமில்லை. இத்தனை ஆண்டுகள் கூடி வாழ்ந்தால் இன்ன உரிமை கிடைக்கும் என்று கூறும் சட்டம் எதுவும் இலங்கையில் இல்லை.

வழக்காறும் 'எழுத்தும்'

எமது முன்னோர் அனைவரும் பதிவாளர் முன்னிலையில் மணம் முடித்தவர்களல்லர். பெண் சமைத்துப் பரிமாறிய சோற்றை ஆண் உண்பதோடு இல்லறம் தொடங்கும் எளிய வழக்கம் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இருந்தது. கூறையும் தாலியும் கொடுத்து, ஐயரை அழைத்துச் செய்யும் மணம் வசதி படைத்தோருக்கு உரியதாக இருந்தது. பதிவு மணத்தைக் குடாநாட்டு மக்கள் இன்றும் 'எழுத்து' என்றே கூறுகின்றனர். எழுத்து வேறு, கலியாணம் வேறு என்ற எண்ணமே இச்சொல் வழக்கிற் பொதிந்துள்ளது.

சட்டமும் இவ்வெண்ணத்தை முற்றாகப் புறந்தள்ளவில்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு என்பது விவாகத்தின் மிகச் சிறந்த சான்று. ஆனால் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் வழக்காற்று முறைப்படி நடந்த மணம் செல்லாததாகி விடுவதில்லை. கண்டியச் சட்டத்தின் நிலை இதற்கு மாறானது. அங்கே பதிவின்றி விவாகம் இல்லை. எனவே, முதல் வகையைச் சேர்ந்த எமது பெண்களைப் பார்த்து, "நீ பதியவில்லை, ஆகவே நீ மனைவியில்லை" என்று கூறுபவர்கள் சட்டத்தைப் பிழையாகவே கூறுகின்றனர். அவள் மனைவியாக இருக்கலாம். ஆனால் அதனை நிரூபிக்கும் சுமை அவளையே சாரும்.

இச்சுமையைக் குறைக்கும் கோட்பாடொன்று இந்நாட்டு வழக்கொன்றின் மூலமே நிலைபெற்றது என்பது பலருக்குத் தெரியாது. ஆங்கிலச் சட்ட அறிக்கைகளில் 'அரோனகரி எதிர் வைகாலி' என்று பதிவாகியுள்ள வழக்கு, இலங்கைத் தமிழர் குடும்பமொன்றின் வழக்கு. அது மேன்முறையீடாக இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தனர் என்று காட்டப்பட்டால், அதற்கு மாறானது தெளிவாக நிரூபிக்கப்படாதவிடத்து, அவர்கள் செல்லுபடியான மணத்தின் விளைவாகவே அவ்வாறு வாழ்ந்தனர் எனச் சட்டம் ஊகிக்கும் என்று 1881ஆம் ஆண்டு அங்கே தீர்ப்பாயிற்று. 1927ஆம் ஆண்டு மற்றோர் இலங்கை வழக்கான தினோஹாமி வழக்கிலும் அக்கழகம் இதனையே வலியுறுத்தியது. பிற்காலத்தில் இந்திய உச்ச நீதிமன்றமும் நெடுங்காலம் கூடி வாழ்ந்த இணைகளின் வழக்குகளில் இக்கோட்பாட்டைப் பின்பற்றியது. இன்று 'சேர்ந்து வாழ்தல்' குறித்து இந்தியாவிற் பேசப்படும் சட்டத்தின் வேர்களில் ஒன்று எமது மண்ணிலிருந்து சென்றதாகும்.

எனினும், இந்த ஊகத்திற்கு எல்லைகள் உண்டு. அவ்விருவரும் மணம் புரியத் தகுதி உடையவர்களாக இருத்தல் வேண்டும். ஊராரும் உறவினரும் அவர்களைக் கணவன் மனைவியாகக் கருதியிருத்தல் வேண்டும். ஒருவருக்கு முன்னைய விவாகம் உயிரோடிருக்குமாயின் ஊகம் அங்கேயே முறிந்து விடும். மணம் செய்யும் எண்ணமின்றியே கூடி வாழ்கின்றோம் என்று வெளிப்படையாகச் சொல்லி வாழ்ந்த மூன்றாம் வகையினருக்கும் அது உதவாது. ஆக, எமது பொதுச் சட்டம் காப்பது சேர்ந்து வாழ்ந்தவர்களையன்று. மணமானவர்களாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களையே.

ஓர் உதாரணம்

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வடமராட்சியின் கரையோரக் கிராமமொன்றில் ஒருவரும் அவருடைய துணைவியும் பதினைந்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். பதிவு இல்லை. பிள்ளைகள் இருவர். தொழிலில் வந்த வருவாயையும் அவள் சீட்டுப்பிடித்துச் சேர்த்த பணத்தையும் கொண்டு நான்கு பரப்புக் காணி வாங்கப்பட்டது. உறுதி அவர் பெயரில் முடிந்தது. ஒருநாள் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை. உடலம் மறுநாட் கரையொதுங்கியது. முப்பத்தோராம் நாட் கிரியை முடிந்த கையோடு அவருடைய சகோதரர்கள் காணிக்கு உரிமை கோரி வருகின்றனர்.

அவர்கள் மணமுடித்தவர்களாயின் விடை எளிது. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸினாற் தொகுக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதற்குச் சட்ட வலு அளித்தனர். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இற் செய்யப்பட்ட திருத்தமும் இன்றைய நிலையைத் தீர்மானிக்கின்றன. அவற்றின்படி, மணவாழ்வின்போது தேடிய சொத்து 'தேடியதேட்டம்' எனப்படும். ஒருவர் மரணசாசனம் எழுதாது இறப்பின் அவருடைய தேடியதேட்டத்தில் அரைப்பங்கு உயிரோடிருக்கும் துணைக்கும், மீதி அரைப்பங்கு அவருடைய உரித்தாளருக்கும் செல்லும். முறைப்படி பிறந்த பிள்ளைகள் இருக்கையிற் சகோதரர்களுக்கு அதில் இடமில்லை.

பதிவு இல்லாதபடியால் அப்பெண் மாவட்ட நீதிமன்றத்தில் முதலிற் தன்னை மனைவி என்று நிரூபிக்க வேண்டும். தாலி கட்டியதைக் கண்டவர்கள், கோயிற் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பு, கிராம அலுவலரின் பதிவு, பாடசாலை ஆவணங்கள், வைத்தியசாலை அட்டை என்று தேடித் திரிய வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடலாம். நிரூபிக்கத் தவறினால் 'தேடியதேட்டம்' என்ற சொல்லே அவளுக்குப் பொருந்தாது. தன் பணமும் அக்காணியிற் சேர்ந்தது என்று 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வாதாட வழியுண்டு. ஆனால் சீட்டுக்காசுக்குப் பற்றுச்சீட்டு வைத்திருப்போர் எத்தனை பேர்?

இங்கே இன்னொரு முரணையும் குறிப்பிட வேண்டும். 1911ஆம் ஆண்டின் அதே சட்டத்தின்படி மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதத்தைப் பெற வேண்டும். மணமாகாது சேர்ந்து வாழும் பெண்ணுக்கு அத்தடை இல்லை. அவளுடைய காணி முழுமையாக அவளுடையதே. மணத்தின் உள்ளே இருப்பவளுக்குக் கணவன் தேடியதிற் பங்குண்டு, தன் காணி மீது முழுச் சுதந்திரமில்லை. மணத்திற்கு வெளியே இருப்பவளுக்குத் தன் காணி மீது சுதந்திரமுண்டு, துணைவன் தேடியதிற் பங்கில்லை. பெண்ணுக்கு இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும் நிலையை எமது சட்டம் இன்னும் உருவாக்கவில்லை.

பிள்ளைகள் செய்த பிழை என்ன?

பெரியவர்களாவது தெரிந்து ஒரு வாழ்வைத் தேர்ந்தனர் என்று வாதிடலாம். பிள்ளைகள் எதனையும் தேரவில்லை. ஆயினும் மிகக் கடுமையான விளைவு அவர்கள் மீதே விழுகின்றது.

மணவுறவுக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளை தாயின் சொத்துக்கு உரித்தாளி ஆகலாம். மரணசாசனமின்றி இறந்த தந்தையின் சொத்தில் அதற்கு உரிமையில்லை. எந்தத் தாயும் முறைகெட்ட பிள்ளையைப் பெறுவதில்லை என்ற பொருள்படும் பழைய ஒல்லாந்தச் சட்ட மரபின் எச்சம் இது. முஸ்லிம்களின் வழியுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அவரவர் சார்ந்த மத்ஹபுக்கு ஏற்பத் தீர்மானிக்கப்படுகின்றது. அங்கும் நிக்காஹ்வுக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியில் வழியுரிமை இல்லை.

பிறப்புப் பதிவிலும் இப்பிரிவினை தொடர்கின்றது. பெற்றோர் மணமுடித்திராதவிடத்து, தாயும் தந்தையும் கூட்டாக வேண்டிக் கையொப்பமிட்டாலன்றிப் பதிவாளர் தந்தையின் பெயரை எழுத முடியாது. "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?" என்ற கூடு பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்திற் பல்லாண்டுகளாக இருந்து வந்தது. பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு என்று எங்கு சென்றாலும் பெற்றோரின் அந்தரங்கத்தை அப்பிள்ளை தாளொன்றிற் சுமந்து செல்ல நேர்ந்தது.

ஆயினும் சட்டம் பிள்ளைகளை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், மணத்திற் பிறந்த பிள்ளைக்கும் மணத்திற்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோரிடம் தாபரிப்புக் கோரும் உரிமையை அளித்துள்ளது. இரண்டாவது வகைப் பிள்ளையாயின் பெற்றோர் யார் என்பது வலுவான சான்றுகளால் நீதவானுக்குத் திருப்தியளிக்கும் வகையில் நிறுவப்பட வேண்டும். சேர்ந்து வாழ்ந்த பெண் தனக்காக இச்சட்டத்தின் கீழ்த் தாபரிப்புக் கோர முடியாது. அவ்வுரிமை வாழ்க்கைத் துணைக்கு மாத்திரம் உரியது. ஆனால் தன் பிள்ளைக்காக அவள் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். இதனை அறியாது ஒதுங்கி விடும் தாய்மார் பலர்.

பெற்றோர் பின்னர் தம்முள் விவாகம் செய்துகொண்டால், அதற்கு முன் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் முறைப்படியான பிள்ளைகளாகி விடுவர் என்பதும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும். தாமதமான பதிவும் பயனற்ற பதிவன்று.

வன்முறை விடயத்தில் எமது சட்டம் ஒருபடி முன்னேறியுள்ளது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவன் மனைவியரோடு சேர்ந்து வாழும் துணையையும் உள்ளடக்குகின்றது. மணச்சான்றிதழ் இல்லாத பெண்ணும் தன்னைத் துன்புறுத்தும் துணைவனுக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். மண நிலையைப் பாராது ஆளைப் பாதுகாக்கலாம் என்பதை நாடாளுமன்றம் அன்றே ஏற்றுக்கொண்டு விட்டது.

போர் விட்டுச் சென்ற இல்லறங்கள்

வடக்கிலே பதிவில்லா இல்லறங்கள் பெருகியமைக்குப் போரே பெருங்காரணம். இறுதி யுத்த காலத்தில் வன்னியிலே கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காக்க எண்ணிய பெற்றோர் பலர், வயது நிரம்பாதவர்களுக்கும் அவசர அவசரமாக மணம் முடித்து வைத்தனர். பதிவாளரைத் தேடும் நிலையும் வயதும் அன்று அவர்களுக்கு இருக்கவில்லை. அவ்விணைகளிற் சில 2009இல் சிதறின. சில இன்றும் பதிவின்றியே தொடர்கின்றன. போர் முடிந்த பின்னர் 2010 ஜூனில் வவுனியாவில் முன்னாட் போராளி இணைகளுக்குக் கூட்டுத் திருமணம் நடத்தப்பட்டமை பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய வாய்ப்பு எட்டாதவர்களே அதிகம்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரின் நிலை இதனினும் வேதனையானது. கணவனுக்கு மரணச் சான்றிதழ் பெற்றால் மறுமணத்திற்கு வழி பிறக்கும். ஆனால் உயிரோடிருக்கின்றாரா இல்லையா என்று அரசு கூறாத ஒருவரை இறந்தவர் என்று தன் கையொப்பத்தால் ஒப்புக்கொள்ள எத்தனை பெண்கள் முன்வருவர்? 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அது சில நிர்வாகத் தேவைகளுக்கு உதவுகின்றதேயன்றி முன்னைய விவாகத்தை முடித்து வைப்பதில்லை. இந்நிலையில் உழைப்பாளி ஒருவரின் துணையை நாடிய பெண்ணை ஊர் ஏசுகின்றது, சட்டம் மனைவி என ஏற்க மறுக்கின்றது.

வெளிநாடு சென்று வேறு குடும்பம் அமைத்துக் கொண்ட கணவன்மாரால் கைவிடப்பட்ட பெண்களும் உளர். இலங்கையில் விவாகரத்துக்குப் பிறன்மனை சேர்தல், வன்கருத்துடன் கைவிட்டுச் செல்லல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குற்றக் காரணங்களை நிறுவ வேண்டும். மணவாழ்வு மீள முடியாதவாறு முறிந்துவிட்டது என்பது காரணமாகாது. கடல் கடந்து வாழும் எதிராளிக்கு அழைப்பாணை சேர்ப்பித்து வழக்கை நடத்தி முடிப்பது ஏழைப் பெண்ணொருத்திக்கு எளிதன்று. பதிவில்லா இல்லறங்கள் பல, விவாகரத்து கிட்டாமையின் விளைவுகளே.

முஸ்லிம் குடும்பங்களின் நிலை

நிக்காஹ் இன்றிக் கூடி வாழ்வதை இஸ்லாம் ஏற்பதில்லை. ஆகவே இவ்விடயம் எங்களைச் சாராது என்று முஸ்லிம் வாசகர்கள் கருதக்கூடும். ஆனால் பதிவில்லாத நிக்காஹ் என்ற வடிவில் இதே சிக்கல் அவர்களிடையேயும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவை வேண்டுகின்ற போதிலும், பதிவில்லை என்ற காரணத்தால் மாத்திரம் மார்க்கப்படி நடந்த நிக்காஹ் செல்லாததாகாது என்றும் கூறுகின்றது. மார்க்கத்தின் முன் அவள் மனைவி. ஆனால் காவின் இல்லாவிடில் மஹரையோ தாபரிப்பையோ வழியுரிமையையோ கோரும்போது, நிக்காஹ் நடந்ததென்று சாட்சிகளைக் கொண்டே காட்ட வேண்டியவளாகின்றாள்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில், உடுத்த உடையோடும் சிறு தொகைப் பணத்தோடும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவ்வேளை வீட்டிலிருந்த ஆவணங்களைப் பறிகொடுத்தோர் பலர். புத்தளத்து முகாம்களிலே பல ஆண்டுகள் கழிந்தன. சாட்சியாக நின்றவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தனர், சிலர் மறைந்தனர். சோனகத் தெருவுக்குத் திரும்பிக் காணியையும் வீட்டையும் மீட்க முயன்ற குடும்பங்களுக்கு விவாகச் சான்றும் ஒரு தேவையாயிற்று. இச்சட்டத்தைச் சீர்திருத்துவதற்காக நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு தன் அறிக்கையை 2018 ஜனவரியிலேயே கையளித்தது. ஒன்பது ஆண்டுகள் எடுத்த அவ்வறிக்கையின் பின்னரும் சமூகத்துக்குள் கருத்தொற்றுமை எளிதில் ஏற்படவில்லை. மற்றைய விடயங்களில் எக்கருத்து இருப்பினும், ஒவ்வொரு நிக்காஹ்வும் பதியப்பட வேண்டும், மணமகளின் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும் என்பதில் மார்க்க அறிஞர்களும் பெண்கள் அமைப்புகளும் உடன்பட இடமுண்டு.

அயலார் கண்ட வழிகள்

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 'மணம் போன்ற உறவு' என்பதையும் உள்ளடக்கியது. தமிழ்நாட்டு வழக்கொன்றில், 2010ஆம் ஆண்டு, அத்தகைய உறவுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரையறை வகுத்தது. உரிய வயது, மணமுடிக்கும் தகுதி, குறிப்பிடத்தக்க காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தமை, தம்பதியர் போல் ஊரறிய வாழ்ந்தமை என்பன அதன் கூறுகள். நடிகை குஷ்புவுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் தொடரப்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்கையில், பராயமடைந்தோர் சேர்ந்து வாழ்வது குற்றமன்று என்பதையும் அதே ஆண்டில் அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வடஇந்திய மாநிலமான உத்தராகண்ட் மறுதிசையிற் சென்றது. 2025 ஜனவரியில் அங்கு நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டம், சேர்ந்து வாழ்வோர் அதனைப் பதிவு செய்ய வேண்டும், தவறினால் தண்டனை என்று விதித்தது. அந்தரங்கத்தில் அரசு தலையிடுகின்றது என்ற கண்டனம் எழுந்தது. ஆயினும் அவ்வுறவிற் பிறக்கும் பிள்ளை முறைப்படியான பிள்ளை என்றும் அதே சட்டம் கூறியது.

புலம்பெயர்ந்த எமது உறவினர் இதனை நேரிற் காண்கின்றனர். கனடாவின் குடிவரவுச் சட்டம் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்த துணையை மனைவி அல்லது கணவனுக்கு ஒப்பாக ஏற்கின்றது. ரொறன்ரோவிலுள்ள மகனின் துணைவியை அங்குள்ள அரசு குடும்ப உறுப்பினராக ஏற்க, ஊரிலுள்ள தாய் தந்தையர் அவளை எவ்வாறு அழைப்பது என்று தெரியாது தயங்கும் நிலை இன்று பல வீடுகளில் உண்டு.

சமூகம் செய்யக்கூடியது

மணம் என்பது இரு குடும்பங்களின் இணைவு, பொறுப்புக்கான பகிரங்க வாக்குறுதி என்ற எமது விழுமியத்தைக் கைவிடுமாறு எவரும் கேட்கவில்லை. சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இதில் ஒத்த கருத்தினரே. ஆனால் ஒன்றை ஏற்றுக்கொள்வது வேறு. அதற்குள் அகப்பட்டவரைப் பாதுகாப்பது வேறு. கொள்ளி வைக்க மகனை அழைத்துவிட்டுக் காணி என்று வரும்போது அவனை மகனல்லன் என்று கூறுவதை எந்தச் சமயமும் அறமென்று போதிக்கவில்லை.

செய்யக்கூடியவை பல, கடினமானவையுமல்ல. வழக்காற்று முறையில் மணந்து தடையேதுமின்றி வாழ்பவர்கள் தாமதியாது பதிவு செய்ய வேண்டும். கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் தம்மிடம் நடைபெறும் மணங்களின்போது பதிவாளரையும் வரவழைத்தாற் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பதிவு செய்ய முடியாத நிலையிலுள்ளோர் பிள்ளையின் பிறப்புப் பதிவிலாவது கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். உழைத்து வாங்கும் காணியின் உறுதியை இருவர் பெயரிலும் முடிக்கலாம். நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளுடனோ மரணசாசனம் எழுதி வைக்கலாம். மணமின்றிச் சேர்ந்து வாழும் இளையோரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று. சுதந்திரமாக வாழ்கின்றோம் என்று எண்ணும் அவர்களுக்கு, பிரிவோ இறப்போ நேரும் வேளையிற் சட்டம் துணை நிற்காது.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. நீதிமன்றம் மாத்திரம் இதனைத் திருத்திவிட முடியாது. நடைமுறையிலிருந்த பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருப்பினும் செல்லுபடியாகும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை கூறுகின்றது. எனவே மாற்றம் நாடாளுமன்றத்தின் வழியாகவே வர வேண்டும். சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. பிறப்பைக் காரணம் காட்டிப் பிள்ளைகளிடையே பாகுபாடு கூடாது என்பது அதன் இரண்டாம் உறுப்புரை. தந்தை யார் என்பது நிரூபிக்கப்பட்ட பிள்ளைக்கு அவரது சொத்திலும் உரிமை உண்டு என்ற ஒரு திருத்தத்தையாவது வடக்கின் மக்கள் பிரதிநிதிகள் கோரியிருக்கலாம். தேசவழமையை எமது அடையாளமாகக் கொண்டாடுவோர், தங்கள் தலைமுறைக்கேற்ப அதனைச் செப்பனிடும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். 1911இலும் 1947இலும் எமது முன்னோர் அதனைச் செய்தனர்.

சேர்ந்து வாழ்வோர் பற்றிய ஒழுக்க விவாதம் தொடரட்டும். அது முடியும் வரை பிறந்த பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்வது நீதியாகாது.